'எல்லாத்துக்கும் ஒரே வண்டி' என்றால் எது எல்லாம்?

கார் வாங்குவதைப் பற்றிப் பெண்கள் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது, அது ஆம்பளைங்க சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். ஒரு பவுன் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். முந்நூறு ரூபாய் சேலைக்கு முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பார்க்கிறோம். ஐந்தாறு லட்சம் போட்டு, ஐந்து வருஷம் தவணை கட்டப் போகிற காருக்கு மட்டும் வீட்டுப் பெண்களிடம் கேட்கிற ஒரே கேள்வி, "வெள்ளையா, சிவப்பா?" இது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் ஆறு பேர். மாமனார், மாமியார், நாங்கள் இரண்டு பேர், ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன். மொரப்பூரில் சின்னதாக மளிகைக் கடை வைத்திருக்கிறோம். மாமனாருக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. வாரம் இரண்டு நாள் தர்மபுரிக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப் போகிறோம். போக வர வாடகைக் கார்தான். கட்டி முடித்த சீட்டுப் பணமும் கொஞ்சம் சேமிப்பும் கையில் இருப்பதால், மாசா மாசம் வாடகையாகக் கொட்டுவதைத் தவணையாகக் கட்டலாமே என்று வீட்டுக்காரர் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் கூடவே ஒன்று சொன்னார்: "வாங்குறது ஒரே தரம். எல்லாத்துக்கும் ஆகிற மாதிரி ஒரே வண்டியா வாங்கிடணும்." இந்த 'எல்லாத்துக்கும்' என்ற வார்த்தையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் பக்கத்தில் எல்லாத்துக்கும் ஒரே வண்டி என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. டி.வி.எஸ். மொபட்தான். 1980-ல் ஓசூர் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகிற மாதிரி நம் நாட்டில் வந்த முதல் மொபட் அது. அப்போது ஓசூரும் எங்கள் தர்மபுரி மாவட்டம்தான், 2004-ல்தான் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதனால் அதை எங்கள் மாவட்டத்துப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு! அதன் வாரிசுதான் இன்று ஓடும் எக்ஸ்.எல். முன்னால் காலடியில் அரிசி மூட்டை, பின்னால் புல்லுக்கட்டு, நடுவில் ஆள். கியர் கிடையாது, சேலை கட்டிக்கொண்டே ஓட்டலாம். அழகைப் பார்த்து யாரும் அதை வாங்குவதில்லை. நாலு பேர் மதிப்பார்கள் என்றும் வாங்குவதில்லை. என்ன வேலை என்று தெரிந்து வாங்குகிறார்கள், அதனால் ஏமாறுவதும் இல்லை.

கார் என்று வந்ததும் மட்டும் இந்தப் புத்தி எங்கே போகிறதோ தெரியவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார், "அண்ணி, நல்லா உசரமா, ரோட்டுல வந்தா நாலு பேரு திரும்பிப் பாக்கிற மாதிரி எடுங்க" என்றார். உயரமான வண்டி கெட்டது என்று நான் சொல்லவில்லை. 2000-லிருந்து வரும் பொலிரோவை எங்கள் பக்கத்து மலைக் கிராமங்களில் பார்க்கிறேன், கல்லும் குழியும் அதற்குப் பொருட்டே இல்லை. ஆனால் ஒரு காலை மற்றவர் தூக்கி வைத்தால்தான் நகரும் மனிதரை அந்தப் படி மேல் எப்படி ஏற்றுவது? பின்னால் பக்கவாட்டில் பார்த்த மாதிரி இருக்கும் சீட்டில் என் மாமியாரை உட்கார வைத்தால் அரூர் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அது என்னவோ நிஜம்.

எல்லாத்துக்கும் ஒரே கார் என்பது நம் நாட்டில் பழைய ஆசைதான். 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை வந்த அம்பாசிடரில் கல்யாண மாப்பிள்ளையும் போனார், மந்திரியும் போனார், பிரசவத்துக்கு வலி எடுத்தவளும் போனாள். கதவு அகலம், சீட்டு சோபா மாதிரி, வயசானவர்கள் குனியாமல் உட்காரலாம். ஆனால் பெட்ரோல் குடிக்கும், பட்டறைக்கும் அடிக்கடி போகும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, அடுத்த வருஷமே மாருதி வேன் வந்தது. பிற்பாடு அதற்கு ஆம்னி என்று பெயர். சினிமாக்காரர்கள் அதைக் கடத்தல் வண்டியாகவே காட்டிக் காட்டிக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். நிஜத்தில் அதைப் போல் உழைத்த வண்டி குறைவு. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மத்தியானம் காய்கறி, ராத்திரி ஆஸ்பத்திரி. 2008-ல் 108 சேவை வருவதற்கு முன்னால் சின்ன ஊர்களில் ஆம்புலன்ஸ் என்றால் பாதி இடங்களில் இந்த ஆம்னிதான். தள்ளுகிற கதவு என்பதால் சந்துக்குள் நிறுத்தியும் இறங்கலாம். 2019-ல் அது நின்றுபோனது. மோதினால் உயிர் காக்கும் புதிய விதிகளுக்கு அந்தத் தட்டை மூக்கு தாங்காது. ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடுதான் இருந்தது.

நானோவையும் சொல்ல வேண்டும். 2008 ஜனவரியில் ஒரு லட்சம் ரூபாய் கார் என்று டாடா காட்டியபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மொபட்டில் நாலு பேராகப் போகும் குடும்பத்துக்கான கார் என்றார்கள். நல்ல எண்ணம், இடமும் உள்ளே தாராளம். ஆனால் ஆரம்பத்தில் வந்த நானோவின் பின்பக்கம் திறக்காது! எஞ்சின் பின்னால் இருந்ததால் சாமானை உள்ளே இருந்தபடி சீட்டைத் தாண்டித்தான் வைக்க வேண்டும். திறக்கும் கதவு 2015-ல்தான் வந்தது, 2018-ல் வண்டியே நின்றுவிட்டது. சந்தைக்குப் போய்விட்டு இரண்டு கையிலும் பை பிடித்து வரும் ஒரு பெண்ணை முன்னாலேயே கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள்.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மகளின் பழைய நோட்டில், போன ஒரு வருஷத்தில் எங்கெங்கே போனோம், யார் யார் போனோம், என்ன ஏற்றினோம் என்று ஞாபகம் வந்தவரை எழுதினேன். எழுத எழுத எனக்கே ஆச்சரியம். 'எல்லாம்' என்று நினைத்ததில் பாதிக்குக் காரே தேவையில்லை!

சென்னை, கோவை, ஈரோடு போக எங்களுக்கு ரயில் இருக்கிறது. மொரப்பூர் ஸ்டேஷன் சென்னை – கோவை பாதையில் இருப்பதால் சில எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்கின்றன. "சென்னை வரைக்கும் அலுங்காம போகணும்" என்று பெரிய எஞ்சின், பெரிய விலை என்று யோசிப்பது எங்களுக்கு வீண். (தர்மபுரிக்கும் ஒரு காலத்தில் இங்கிருந்து சின்ன ரயில் ஓடியது. 1906-ல் ஆரம்பித்து, 1941-ல் உலகப் போர் சமயத்தில் நிறுத்திவிட்டார்கள். மறுபடி போட 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். அந்தப் பாதை இருந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.) நான் தனியாக டவுன் பஸ்ஸில் போனால் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணமே இல்லை. கடைக்கு மொத்தமாகச் சரக்கு எடுக்க குட்டியானை வண்டி வரும், வாடகையைக் கொடுத்தால் கடை வாசலில் இறக்கிவிட்டுப் போவார்கள். சொந்தக் காரில் என்றைக்காவது இரண்டு மூட்டை வைத்து வருவது வேறு, அதையே சரக்கு வண்டியாக ஓட்டுவது வேறு. அதற்குத் தனிப் பதிவு, தனி இன்சூரன்ஸ். ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

மீதி இருந்தது என்ன? மாமனாரின் சிகிச்சைக்கு வாரம் இரண்டு என்றால் வருஷத்துக்கு நூற்று நாலு தரம். அதில் போவது மாமா, கூட நானோ அத்தையோ, ஓட்டுகிற இவர், அப்புறம் மடக்கு வீல்சேர். வீட்டில் ஆறு பேரும் சேர்ந்து போனது எட்டே தரம்: தீர்த்தமலை, குலதெய்வம், ஒரு காதுகுத்து, கல்யாணங்கள். ராத்திரி நேரத்தில் அவசரமாக ஆஸ்பத்திரிக்கு ஓடியது மூன்று தரம். நூற்று நாலும் மூன்றும் ஒரு பக்கம், எட்டு ஒரு பக்கம். இந்தக் கணக்கு தெரியாமல் ஏழு சீட்டு, எட்டு சீட்டு என்று பேசிக்கொண்டிருந்தோம்.

இந்த நோட்டைக் காட்டியதும் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எட்டு தரத்துக்கு என்ன பண்றது?" என்றார். "ஏங்க, எட்டு தரத்துக்கு வாடகை வண்டி வெச்சுக்கலாமே. நூத்தி நாலு தரம் வாடகை கொடுத்தோமே, அது பெரிசா?" என்றேன். மாமியார் மட்டும் விடவில்லை. "கோயிலுக்குப் போறப்ப நம்ம வண்டியில எல்லாரும் சேந்து போனாத்தானே சந்தோசம்" என்றார். அதுவும் நியாயமான ஆசைதான், தள்ளிவிட முடியாது.

ஆக எங்களுக்கு வேண்டியது உள்ளே இடம் மாறிக்கொள்கிற வண்டி. அந்தக் கணக்கில் பார்த்தால் இரண்டு மூன்று வண்டிகள்தான் தேறுகின்றன.

2019-லிருந்து வரும் ரெனோ ட்ரைபர் ஒன்று. நம் சென்னைப் பக்கம் ஒரகடத்தில் செய்கிறார்கள். ஏழு பேர் உட்காரலாம். அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். ஏழு சீட்டும் இருக்கும்போது பின்னால் சாமான் இடம் வெறும் 84 லிட்டர், நாலு கட்டைப்பை வைத்தால் நிறைந்துவிடும். வீல்சேர் கனவிலும் போகாது. ஆனால் கடைசி வரிசை இரண்டு சீட்டையும் தனித்தனியாகக் கழற்றி எடுத்துவிடலாம். அப்போது 625 லிட்டர் இடம். அதாவது நூற்று நாலு தரம் ஐந்து சீட்டு வண்டியாகவும், எட்டு தரம் ஏழு சீட்டு வண்டியாகவும் வைத்துக்கொள்ளலாம். ஆண்கள் யோசிக்காத ஒரு கேள்வி எனக்கு வந்தது. கழற்றிய சீட்டை வீட்டில் எங்கே வைப்பது? மளிகைச் சாமான் பக்கத்தில் வைத்தால் ஒரே வாரத்தில் எலி பஞ்சைப் பிடுங்கிவிடும். எங்கள் வீட்டுப் பரணில் இடம் இருக்கிறது, துணி போட்டுக் கட்டி வைக்கலாம். உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் அதில் சின்னது, 999 சி.சி.தான். ஏழு பேரை ஏற்றினால் ஆளுக்கு அறுபது கிலோ வைத்தாலே நானூற்று இருபது கிலோ. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது முனகும். ஏறுவதைவிட எனக்கு இறங்குவதுதான் பயம். தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகளால் எத்தனை குடும்பங்கள் அழிந்திருக்கின்றன என்று இந்தப் பேப்பரிலேயே படித்திருக்கிறோம். பாரம் ஏற ஏற வண்டி நிற்க அதிக தூரம் வேண்டும். ஏழு சீட்டு இருக்கிறது என்பதற்காக எட்டுப் பேரும் இரண்டு மூட்டையும் ஏற்றுகிற பழக்கம் நம்மிடம் உண்டே, அதற்கு எந்த வண்டியும் பொறுப்பாகாது.

இன்னொன்று ஆம்னியின் தம்பி மாதிரியான ஈக்கோ. 2010-ல் வந்தது. தள்ளுகிற கதவு, உள்ளே அகலம், பின்னால் பெரிய இடம், விலையும் குறைவு. மனசு அதன் மேல்தான் முதலில் போனது. ஆனால் 2016-ல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தபோது, ஏர்பேக் இல்லாத ஈக்கோவுக்கு நட்சத்திரமே கிடைக்கவில்லை. பிறகு விதிகள் இறுகின. 2019-ல் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம் ஆனது. 2025-ல் ஈக்கோவில் ஆறு ஏர்பேக் வைத்து, ஏழு சீட்டு வண்டியை ஆறு சீட்டாக மாற்றினார்கள். எனவே செகண்ட் ஹேண்டில் 'சீப்பா' வருகிறது என்று பழையதை எடுக்கிறவர்கள் எந்த வருஷத்து வண்டி, ஏர்பேக் எத்தனை என்று கட்டாயம் பாருங்கள். ட்ரைபருக்கு 2021 சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நாலு நட்சத்திரம் கிடைத்தது. 2023 அக்டோபரிலிருந்து நம் அரசாங்கமே பாரத் என்கேப் என்று தேர்வு வைக்கிறது. பிள்ளைகளின் மார்க்கைப் பார்க்கிற மாதிரி வண்டியின் மார்க்கையும் கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை.

பின் சீட்டில் பெல்ட் போடுவதை நம் பெண்கள் கேலியாக நினைக்கிறோம். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விலை உயர்ந்த காரில், பின் சீட்டில், பெல்ட் போடாமல் இருந்துதான் இறந்தார். பதினாலு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது சட்டம். முன் சீட்டில் மடியில் பிள்ளையை வைத்துக்கொள்வதை இன்றோடு விட்டுவிடுங்கள் அக்கா. ஏர்பேக் வெடித்து விரிகிற வேகத்தைக் குழந்தை தாங்காது.

உட்காரும் வசதியை மட்டும் பார்த்தால் வேகன் ஆர் நன்றாக இருக்கிறது. 1999-லிருந்து வரும் வண்டி. கூரை உயரம், சீட்டு நம் இடுப்பு உயரத்துக்கு வருகிறது. முட்டிவலிக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சீட்டு ரொம்பத் தாழ்வாக இருந்தால் விழுகிற மாதிரி உட்கார்ந்து, எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். ரொம்ப உயரமாக இருந்தால் ஏறவே முடியாது. திரும்பி நின்று முதலில் உட்கார்ந்து, பிறகு காலை உள்ளே எடுக்க முடிய வேண்டும். ஆனால் அதில் ஐந்து பேர்தான், மாமியாரின் ஆசை நடக்காது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு மீட்டர் நீளத்துக்குள், 1200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் வண்டிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதைவிடப் பெரிய வண்டிகளுக்கு 40 சதவீதம். ஈக்கோ, ட்ரைபர், வேகன் ஆர் எல்லாம் 18-க்குள் வருபவை. எர்டிகா நீளம் கூட என்பதால் 40-ல் போய்விடுகிறது. இதற்கு மேல் நம் மாநிலத்தில் ஆயுள் வரி உண்டு. 2023 நவம்பரிலிருந்து ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை உள்ள புது வண்டிக்கு 13 சதவீதம். இன்சூரன்ஸும் மூன்றாம் நபருக்கு மூன்று வருஷத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். விளம்பரத்தில் போடும் விலையை நம்பித் தவணைக் கணக்குப் போடாதீர்கள். "ரோட்டுக்கு வர எவ்வளவு?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒரு ஷோரூமுக்குப் போனோம். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று சொல்ல விரும்பவில்லை. அங்கே இருந்த பையன் முழுக்க முழுக்க என் வீட்டுக்காரரிடமே பேசினான். எவ்வளவு வேகம், எவ்வளவு பெரிய டி.வி. மாதிரி ஸ்கிரீன் என்று அடுக்கினான். "தம்பி, கடைசி சீட்டை ஒரு ஆளா கழட்ட முடியுமா? எங்க வீட்டுல நான்தான் கழட்டணும்" என்றேன். "அதெல்லாம் சார் பாத்துப்பாரு மேடம்" என்று சிரித்தான். அந்த சார் காலையில் ஐந்து மணிக்குக் கடையைத் திறந்தால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வீட்டுக்கு வருகிறார். மாமாவைக் கைத்தாங்கலாக இறக்குவதும், வீல்சேரைத் தூக்கி வைப்பதும், சீட்டில் ஆன வாந்தியைத் துடைப்பதும் நான்தான். என் தோளுக்கும் இடுப்புக்கும் ஆகிற வண்டியா என்று நான் கேட்காமல் யார் கேட்பது? லைசென்சுக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். ராத்திரி அவசரத்துக்கு இவர் ஊரில் இல்லாவிட்டால் வண்டி சும்மா வாசலில் நிற்கக் கூடாது பாருங்கள்.

ட்ரைபரில் கடைசி வரிசையில் ஒரு சீட்டை மட்டும் கழற்றிவிட்டால் ஆறு பேருக்கும் இடம் வரும், பக்கத்தில் கிடைக்கும் சந்தில் வீல்சேர் நிற்குமா நிற்காதா என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் பெரிய கேள்வி. பேப்பரில் அளவு பார்த்தால் நிற்கும் போலத்தான் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் மாமாவையும் வீல்சேரையும் ஏற்றிக்கொண்டு வேறு ஒரு ஷோரூமுக்குப் போகிறோம். மாமா மூன்று தரம் ஏறி இறங்கிப் பார்ப்பார், அத்தை கடைசி சீட்டில் கால் மணி நேரம் உட்காருவார், சீட்டை நான் கழற்றுவேன். அதன் பிறகுதான் அட்வான்ஸ் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார். கலரை மகனிடம் விட்டாயிற்று. அவன் நீலம் என்கிறான்.

– ஒரு வாசகி, மொரப்பூர்.